காங்கேயம் பஸ் நிலையத்தில் இரண்டு மணி நேரம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். போன சனிக்கிழமை சிறப்பு வகுப்புக்கு வராத பதினோராம் வகுப்பு மாணவிகள் மூவரைப் பற்றி ஊரில் பல கதைகள் உலவுகின்றன. நடந்ததை அவர்களிடமே கேட்டேன். டவுன் பஸ்ஸில் காங்கேயம் போயிருக்கிறார்கள். 2021 முதல் பெண்களுக்கு அதில் கட்டணம் இல்லை என்பதால், கையிலிருந்த காசு கரும்புச் சாற்றுக்குப் போயிருக்கிறது. பஸ் நிலையத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கோவை, கரூர், திருச்சி, ஈரோடு என்று ஊர்ப் பலகைகளைப் படித்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். அங்கே எவரும் அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை.

"எதற்கு அம்மிணி?" என்றேன். "நம் ஊரில் உட்கார இடமில்லை டீச்சர்" என்றாள் ஒருத்தி.

கோபம்தான் வந்தது. மறுநாள் மாலை ஊருக்குள் நடந்து பார்த்தேன். டீக்கடை பெஞ்சு, வேப்பமரத்து மேடை, நிழற்குடை எல்லாவற்றிலும் ஆண்கள். மைதானத்தில் பையன்கள். ஒரு பெண்பிள்ளை சும்மா நின்றால் "யார் வீட்டுப் பிள்ளை?" என்று மூன்று பேர் கேட்கிறார்கள், நாலாமவர் அப்பாவுக்குப் போன் செய்கிறார். தினமும் ஐந்தேகால் பஸ்ஸைப் பிடித்துப் போய்விடும் எனக்கு இது இத்தனை நாள் கண்ணில் படவில்லை.

ஒரு வீட்டில் ஜாதகத்தை எடுத்துவிட்டார்கள். 18 வயதுக்கு முன் திருமணம் சட்டப்படி குற்றம் என்று அவர்களிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன். இன்னொரு தந்தை, "படித்தது போதும், மில்லுக்கு அனுப்புகிறேன்" என்றார். பல மில் விடுதிகளில் கடைவீதிக்குப் போகவே வார்டன் துணை வேண்டும். அடைபட்டுத் தவிப்பவளை இன்னும் சிறிய கூண்டுக்கா அனுப்புவது? ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள் கல்லூரியில் சேர்ந்தால், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே விழும். மில் சம்பளத்தைவிடக் குறைவுதான், மறுக்கவில்லை.

திங்கள் முதல் பள்ளி நூலகம் மாலை ஆறு மணி வரை திறந்திருக்கும்; ஆசிரியை ஒருவர் உடனிருப்பார். படிக்கத்தான் வர வேண்டும் என்றில்லை, பேசிக்கொண்டும் உட்காரலாம். செவ்வாயும் வியாழனும் மைதானம் மாணவிகளுக்கு. பையன்கள் முனகுவார்கள், முனகட்டும்.

அடுத்த மாதம் மாணவிகளைத் திருப்பூர் எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கலைக் கல்லூரியைப் பார்க்க அழைத்துப் போகிறோம். ஒப்புதல் தாளில் வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்திட்டு அனுப்புங்கள். அந்த மூவருக்கும் இடம் வைத்திருக்கிறேன். வேனில் இன்னும் ஆறு இருக்கைகள் மிச்சம். அம்மாக்கள் யாராவது வருவதானால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை