ரோல்-ஆன் பந்தை நெம்புவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வார இணைப்பின் கைவேலைப் பக்கத்தில், தீர்ந்துபோன ரோல்-ஆன் டியோடரன்ட் பாட்டிலில் குழந்தைகளுக்கு வண்ணம் உருட்டும் பேனா செய்வது எப்படி என்று போட்டிருந்தீர்கள். கத்தி முனையால் பந்தை நெம்பி எடுக்கவும், பாட்டிலைச் சோப்புத் தண்ணீரில் ஊற வைக்கவும், வண்ணத்தை ஊற்றவும், பந்தை அழுத்தித் திரும்ப உட்கார வைக்கவும். நான்கு வரியில் வேலை முடிந்துவிட்டது. அந்தப் பந்து உட்காரும் வளையத்துக்கு மோல்டு, அதாவது பிளாஸ்டிக் வார்க்கும் அச்சு, வடிவமைப்பதுதான் என் பிழைப்பு. என்னால் நான்கு வரியில் முடிக்க முடியவில்லை. கடிதம் நீளமாகத் தெரிந்தால் தாராளமாக வெட்டிக்கொள்ளுங்கள்; நெம்ப வேண்டாம் என்று சொல்கிற இடத்தை மட்டும் விட்டுவையுங்கள்.

இந்தப் பொருளின் மூல யோசனை பால்பாயின்ட் பேனாவிலிருந்து வந்தது. லாஸ்லோ பிரோ தன் பேனாவுக்குக் காப்புரிமை பதிந்தது 1938-ல். அதே தத்துவத்தை அக்குளுக்குக் கொண்டுபோனவர் அமெரிக்காவின் பிரிஸ்டல்-மையர்ஸ் நிறுவனத்தில் வேலை செய்த ஹெலன் பார்னெட் டிசரன்ஸ். 1940-களின் கடைசியில் தொடங்கிய வேலை, 1950-களின் தொடக்கத்தில் கடைக்கு வந்தது. பேனாவில் உலோகக் குண்டை வைத்துவிட்டு, அதன் பிறகு உலோக விளிம்பை உள்பக்கம் மடித்துப் பூட்டிவிடுவார்கள். ரோல்-ஆனில் அப்படி மடிப்பதற்கு எதுவும் இல்லை. வியர்வையைக் குறைக்கும் வகைகளில் உள்ள அலுமினிய உப்புக் கரைசல் அமிலத்தன்மை கொண்டது, சாதாரண இரும்பை அரித்துவிடும். ஆகவே பந்தும் பிளாஸ்டிக், அதைப் பிடிக்கும் வளையமும் பிளாஸ்டிக். பந்தை மேலிருந்து அழுத்தினால் வளையத்தின் உதடு ஒரு கணம் விரிந்து உள்ளே விடும். பிறகு பழைய அளவுக்குச் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். அந்த உதடு திரும்பிச் சுருங்குகிறதா இல்லையா என்பதில்தான் மொத்தப் பொருளும் நிற்கிறது.

எவ்வளவு பிடிமானம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். பந்து 25.4 மில்லிமீட்டர் விட்டம், அதாவது ஒரு அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். இது பரவலாக உள்ள அளவுதான். உதடு பந்தின் நடுக்கோட்டுக்கு 3 மில்லிமீட்டர் மேலே இருந்தால், அந்த உயரத்தில் பந்தின் விட்டம் சுமார் 24.7 மில்லிமீட்டர். ஆக, பந்து வெளியே தெறிக்காமல் தடுப்பது விட்டத்தில் வெறும் 0.7 மில்லிமீட்டர், ஒரு பக்கத்துக்கு 0.35. பந்து சுழல வேண்டும், திரவம் மேலே வர வேண்டும் என்பதற்காக விடும் இடைவெளியும் இதிலிருந்துதான் போக வேண்டும். இடைவெளி கூடினால் சட்டை நனையும். குறைந்தால் பந்து காய்ந்துபோய்க் கீச்சுக் கீச்சென்று கத்தும். தோலில் எவ்வளவு தடிமனாகப் படிய வேண்டும் என்பதை முடிவு செய்வது இந்த மயிரிழைச் சந்துதான், பாட்டிலோ லேபிளோ அல்ல. திரவம் எந்த அளவு வெளியே போகிறதோ அந்த அளவு காற்று உள்ளே வர வேண்டும், அதுவும் இதே சந்து வழியாகத்தான்.

இப்போது எங்கள் தலைவலிக்கு வருகிறேன். ஹவுசிங் என்று நாங்கள் சொல்லும் இந்த வளையம் பெரும்பாலும் எல்டிபிஇ எனப்படும் மென்மையான பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கில் வார்க்கப்படுகிறது. உதடு விரிந்து சுருங்க வேண்டும் என்றால் அந்த மென்மை வேண்டும். ஆனால் மோல்டுக்குள் உருகிய நிலையில் போகும் இந்தப் பிளாஸ்டிக், ஆறும்போது ஏறக்குறைய ஒன்றரையிலிருந்து மூன்று சதவீதம் வரை சுருங்கும். 25 மில்லிமீட்டர் வாய்க்கு இரண்டு சதவீதம் என்றாலே அரை மில்லிமீட்டர். பந்தைப் பிடித்து வைத்திருப்பது விட்டத்தில் 0.7 என்றேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நாங்கள் ஏன் எப்போதும் அளவு பார்க்கும் கேஜும் கையுமாக அலைகிறோம் என்பது புரியும். மோல்டைப் பெரிதாக வெட்டி, சுருக்கத்தை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொள்கிறோம். சரி, ஆனால் சுருக்கம் ஒரே எண்ணாக நிற்பதில்லை. குளிர்விக்கும் நீர் கொஞ்சம் சூடானால் மாறும். உருகிய பிளாஸ்டிக்கை மோல்டுக்குள் செலுத்தும் மெஷினில் அழுத்திப் பிடிக்கும் நேரம் குறைந்தால் மாறும். மோல்டிலிருந்து வெளியே விழுந்த பிறகும் ஒரு நாளுக்கு மேல் மெல்லச் சுருங்கிக்கொண்டே இருக்கும். ஆகவே சூடாக எடுத்த பீஸை அளந்துவிட்டு ‘ஓகே’ என்று கையெழுத்துப் போடுகிறவரை எங்கள் டூல் ரூமில் யாரும் நம்ப மாட்டார்கள். மறுநாள் அளக்க வேண்டும்.

வெளியே எடுப்பது இன்னொரு கூத்து. உதடு உள்பக்கமாக வளைந்திருப்பதால், ‘கோர்’ என்று நாங்கள் சொல்லும், மோல்டின் உள்பக்க உலோக அச்சை அது கவ்விப் பிடித்திருக்கும். குறுகிய கழுத்துள்ள பனியனைத் தலைவழியாகக் கழற்றுவது மாதிரி, வளையம் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்போதே கோரிலிருந்து உருவித் தள்ள வேண்டும். அதிகம் ஆறிவிட்டால் உதடு கிழியும். ஆறாமல் தள்ளினால் விரிந்தது விரிந்தபடி நின்றுவிடும், பந்து கையோடு வந்துவிடும். ஒரே மோல்டில் பல குழிகள் இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு வளையம். நடுவில் உள்ள குழியும் ஓரத்தில் உள்ள குழியும் ஒரே வேகத்தில் ஆறுவதில்லை. கசிவு என்று புகார் வந்தால் நாங்கள் முதலில் தேடுவது வளையத்தில் பொடி எழுத்தில் பதிந்திருக்கும் குழி எண்ணைத்தான். எல்லாப் புகாரும் ஒரே எண்ணில் வந்து நின்றால் பாதி நிம்மதி.

பந்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது பெரும்பாலும் உள்ளே காலியானது. ஊதி வார்ப்பதும் உண்டு, இரண்டு பாதிகளை ஒட்டுவதும் உண்டு. எப்படிச் செய்தாலும் இணைப்புக் கோடு தெரியும். அந்தக் கோடு இருந்தால் தோலில் உரசும், ஒவ்வொரு சுற்றிலும் சந்தைத் திறந்து மூடும். அதனால் பந்துகளைத் தட்டுகளுக்கு நடுவே உருட்டி அரைத்து உருண்டையாக்கி, மெருகு ஏற்றுகிறார்கள். கட்டைவிரலால் தடவிப் பார்த்தால் கோடு எங்கே இருந்தது என்றே தெரியக் கூடாது.

மூடியும் சும்மா தூசிக்காக இல்லை. பல வடிவங்களில் மூடியைத் திருகும்போது அதன் உள்விளிம்பு பந்தைக் கீழே அழுத்தி, ஹவுசிங்கின் அடியில் உள்ள இருக்கையில் உட்கார வைத்து வழியை அடைக்கிறது. பையில் கசிந்துவிட்டது என்று சொல்பவர்களில் பலர் மூடியை அரைகுறையாகத் திருகியவர்களாகத்தான் இருப்பார்கள். (என் வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம்.) இன்னொன்று, நிறைந்த பாட்டிலைவிடப் பாதி தீர்ந்த பாட்டில்தான் அதிகம் கசியும். உள்ளே காற்று கூடுதலாக இருக்கிறதே, அதுதான் காரணம். 20 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குச் சூடேறினால் அந்தக் காற்று ஏழு சதவீதம் விரியப் பார்க்கும். விமானத்துக்குள் காற்றழுத்தம் தரைமட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்குவரை இறங்கும். அப்போது விரிவு மூன்றில் ஒரு பங்கு. பாட்டில் படுத்துக் கிடந்தால் காற்று வெளியேறாது, திரவத்தைத்தான் தள்ளும்.

சரி, நெம்பும் விஷயம். தொழிற்சாலையில் பந்தை நேர் மேலிருந்து இயந்திரம் அழுத்துகிறது, வளையம் சுற்றிலும் சமமாக விரிகிறது. கத்தியால் நெம்பும்போது முழு பலமும் ஒரே புள்ளியில் விழுகிறது. அந்த இடத்தில் ஒன்று, உதடு வெளிப்பக்கம் பிதுங்கி நிற்கும், இல்லையென்றால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். பிறகு சோப்பில் ஊறப் போடச் சொல்லியிருக்கிறீர்கள். பாலிஎத்திலீனுக்கு ஒரு குணம் உண்டு: இழுவிசையில் இருக்கும்போது சோப்போ டிடர்ஜென்டோ பட்டால், தனியாக இழுத்தால் தாங்குகிற பலத்துக்குக்கூட விரிசல் விடும். மூலப்பொருள் தேறுமா என்று பார்க்க ஆய்வுக்கூடத்தில் ஒரு துண்டை எடுத்து, பிளேடால் ஒரு கீறல் போட்டு, வளைத்துப் பிடித்து, டிடர்ஜென்ட் கலந்த வெந்நீரில் மூழ்க வைத்து எப்போது விரிசல் விடுகிறது என்று காத்திருப்பார்கள். கீறல், இழுவிசை, சோப்பு. பிளாஸ்டிக்கை வேண்டுமென்றே தோற்கடிக்க வைத்திருக்கும் சோதனையை உங்கள் கைவேலைப் பக்கம் வீட்டு மேசையில் செய்யச் சொல்லியிருக்கிறது. அதன் மேல் பந்தை மறுபடி அழுத்தி உட்கார வைத்தால், உதட்டில் இழுவிசை நிரந்தரமாக இருக்கும். அன்றைக்கே ஒன்றும் ஆகாது. நாலைந்து நாள் கழித்துக் குழந்தை கையில் இருக்கும்போது பந்து வெளியே வரும்.

நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். ரோல்-ஆன் பந்துகள் பொதுவாக 25 முதல் 35 மில்லிமீட்டர்வரை இருக்கும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகளில், 1.75 அங்குலம், அதாவது சுமார் 44 மில்லிமீட்டர் துளைக்குள் முழுதாக நுழையும் பந்து இருக்கவே கூடாது என்பது அமெரிக்கப் பாதுகாப்பு விதி. உருண்டைப் பொருளுக்குத் தனியாக, கூடுதல் கண்டிப்போடு அளவு வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. கோணலான பொருள் தொண்டையில் சிக்கினால் ஓரமாகக் கொஞ்சம் காற்றாவது போகலாம், வழவழப்பான பந்து மூச்சுக்குழாய் வாயை முழுதாக அடைத்துவிடும். நாங்கள் தோலில் உறுத்தக் கூடாது என்று மெருகேற்றிய அதே பந்து. கடையில் விற்கும் ரோல்-ஆனில் பந்தை வெளியே இழுக்க எவ்வளவு பலம் வேண்டும் என்று சோதித்துவிட்டுத்தான் அனுப்புகிறோம். நெம்பிய பாட்டிலுக்கு அந்தச் சோதனை செல்லாது. கண்ணாடிப் பாட்டிலாக இருந்தால் கழுத்தில் கத்தி பட்டுச் சில்லு தெறிக்கும் ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது.

காலி பாட்டிலைத் தூக்கி எறிய மனம் வரவில்லை என்பதை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் ஆட்களிடம் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான்: இதை ஏன் திறக்க முடியாதபடி செய்கிறீர்கள்? உண்மையான பதில், அழுத்திப் பொருத்துவது வேகமான வேலை, கசிவும் குறைவு. திருகித் திறக்கும் ஹவுசிங் செய்ய முடியாதது இல்லை, மீண்டும் நிரப்பும் ரோல்-ஆன்கள் விற்பனையில் இருக்கவே செய்கின்றன. சிக்கல் எங்கே என்றால், மூடியைத் திறக்கத் திருகும்போது ஹவுசிங்கும் கூடவே கழன்றுவிடலாம். அதற்கு மரையை எதிர்த்திசையில் வெட்டலாம், அல்லது ஒரு பல் வைத்துப் பூட்டலாம். கொஞ்சம் கூடுதல் மோல்டு வேலை, அவ்வளவே. அப்படிச் செய்தால் பந்து வளையத்தோடு சேர்ந்தே வெளியே வரும், உதட்டை யாரும் தொடவே வேண்டியிருக்காது. மறுசுழற்சிக்கும் இதில் லாபம் உண்டு. தண்ணீரில் போட்டுப் பிரிக்கும்போது கண்ணாடியும் பெட் (PET) பிளாஸ்டிக்கும் மூழ்கும், பாலிஎத்திலீனும் பாலிபுரோப்பிலீனும் மிதக்கும். ஆனால் வளையம் பாட்டில் கழுத்தைக் கவ்விக்கொண்டு இருக்கும்வரை எது மூழ்கும், எது மிதக்கும்? வாடிக்கையாளர்கள் கேட்டால் கம்பெனிகள் செய்யும். டிராயிங் போட நாங்கள் தயார்.

அடுத்த இணைப்பில் அந்தக் குறிப்புக்கு ஒரு திருத்தம் போடுங்கள். பந்தை நெம்ப வேண்டாம், ஏற்கெனவே நெம்பிச் செய்திருந்தால் சிறு குழந்தைகள் கையிலிருந்து உடனே வாங்கிவிடுங்கள் என்று இரண்டு வரி போதும். அப்புறம், பாதி பாட்டில் இருக்கும்போதே பந்து இறுகிப்போய்விட்டது என்பதற்காக நெம்புகிறவர்களும் உண்டு. உதட்டைச் சுற்றிக் காய்ந்த உப்புதான் அது. பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்துப் பந்தை மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது நேரம் நனைத்து, ஈரத் துணியில் உருட்டினால் இளகிவிடும். கத்தி வேண்டாம்.

இப்படிக்கு,
பிளாஸ்டிக் மோல்டு வடிவமைப்பில் இருக்கும் ஒரு வாசகி