கடையைக் காலி செய்யும்போது பேரேடுகளைத் தூக்கிப் போடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சிராங்கூன் சாலை வணிகர்கள் என்றாலே விளக்கு அலங்காரமும் பண்டிகைச் சந்தையும்தான் பேசப்படுகின்றன. சிங்கப்பூரின் பண்பாட்டில் வணிகர்களின் பங்கு அதைவிடப் பழையது. 1819இல், சிங்கப்பூரில் ஆங்கிலேயக் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை செங்கல் சூளை போட்டார், துணி விற்றார்; 1827இல் மாரியம்மன் கோயில் எழுந்ததும் அவர் முயற்சியில்தான். அரபு வணிகர் சையது ஓமார் அல்ஜூனிட் 1820இல் பள்ளிவாசல் கட்டினார். காய்கறியும் கோழியும் விற்று முன்னுக்கு வந்த டான் டோக் செங், ஏழைகளின் மருத்துவமனைக்குப் பணம் கொடுத்தார்.

இவர்கள் பெயர் நூல்களில் இருக்கிறது. கூடவே கொடுத்த சிறு கடைக்காரர்களுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. அவர்களுக்கான சான்று, நன்கொடை ரசீதின் அடிக்கட்டையிலும் திருவிழாக் குழுவின் கூட்டக் குறிப்பிலும் கடன் கணக்கு நோட்டிலும்தான் கிடக்கிறது. எந்தக் கோயிலுக்கு, எந்தப் பள்ளிக்கு யார் கொடுத்தார்கள், மலாய், சீனக் குடும்பங்களில் யார் கடனுக்கு வாங்கினார்கள் என்பதை வேறு எங்கும் தேட முடியாது. கடைவீட்டைக் காலி செய்யும் வாரத்தில் முதலில் குப்பைக்குப் போவது இந்தக் காகிதம்தான்.

காப்பாற்றுவது கடினமல்ல. எதையும் எடுக்குமுன் அலமாரி இருக்கும் நிலையிலேயே படம் பிடியுங்கள்; எது எதன் பக்கத்தில் இருந்தது என்பதும் ஒரு தகவல். ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினாலே பூசணம் வளரும், நம் ஊரிலோ அது பெரும்பாலும் 80ஐ ஒட்டியே இருக்கிறது. பூசணம் பிடித்த நோட்டை ஈரத்துணியால் துடைத்தால் மை கரையும், பூசணம் தாளுக்குள் இறங்கும். தனியே எடுத்து நிழலில் உலர்த்தி, முகக்கவசம் அணிந்து, திறந்த வெளியில் மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். பூச்சி இருந்தால் இரட்டைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி உறைபெட்டியில் (ஃப்ரீசரில்) வையுங்கள். வீட்டு உறைபெட்டியின் குளிர் -18 டிகிரியளவே என்பதால் இரண்டு வாரம் தேவை. வெளியே எடுத்தபின் ஒரு நாள் பையைப் பிரிக்காதீர்கள், பிரித்தால் தாளில் நீர் கோக்கும். பழைய ஒளிப்படங்களின் கண்ணாடித் தகட்டு நெகட்டிவை மட்டும் உறைய வைக்கக் கூடாது.

துருப்பிடித்த குண்டூசியை இழுத்தால் தாள் கிழியும். அடியில் கனமான பிளாஸ்டிக் துண்டைச் செருகி மெதுவாக நெம்ப வேண்டும். செலோடேப்பும் லேமினேஷனும் வேண்டவே வேண்டாம். இவை செய்யும் கெடுதலைப் பின்னால் சரிசெய்வது மிகக் கடினம். வெப்பத்தாளில் அச்சான ரசீதுகள் சில ஆண்டுகளில் வெளுத்துவிடும், முதலில் அவற்றை நகலெடுங்கள். பேரேட்டை 300 டிபிஐயிலும் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஒளிப்படங்களை 600 டிபிஐயிலும் ஸ்கேன் செய்து மூன்று பிரதிகள் வைக்கலாம், ஒன்று வேறு கட்டடத்தில் இருக்கட்டும்.

அதிகம் தவறுவது இதில்தான்: படம் மிஞ்சும், படத்தில் இருப்பவர் பெயர் மிஞ்சாது. கடைக்காரர் இருக்கும்போதே படங்களை அவர்முன் வைத்துப் பேச்சைப் பதிவு செய்யுங்கள். மின்விசிறியையும் சுவர்க்கடிகாரத்தையும் நிறுத்திவிடுங்கள். ஒரு அமர்வு தொண்ணூறு நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம், வயதானவர்கள் களைத்துவிடுவார்கள். ஒளிப்படத்தின் பின்புறம் எழுத மென்பென்சில் மட்டுமே. பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் வரை தடம் பதிக்கும். கடன் நோட்டை வெளியே காட்டும்போது வாடிக்கையாளர் பெயர்களை மறையுங்கள். கடைக்காரரின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்குங்கள்.

வணிகர் சங்கங்கள் இதற்கென ஒருவரை நியமித்து, கடை மூடும் செய்தி கிடைத்த உடனேயே இரண்டு தொண்டூழியர்களையும் சில அட்டைப்பெட்டிகளையும் அனுப்ப வேண்டும். சாவியை ஒப்படைக்கும் நாளில் போனால் எதுவும் மிஞ்சியிருக்காது. தேசிய ஆவணக் காப்பகம் 1979 முதல் வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்துவருகிறது. சங்கங்கள் அங்கே முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது. தங்கள் இதழும் இது குறித்து ஓர் அறிவிப்பு வெளியிட்டால், வீட்டுப் பரணில் பெட்டி வைத்திருப்பவர்கள் பலர் முன்வருவார்கள்.

இப்படிக்கு,
வாசகர், சிங்கப்பூர்