எந்த எண் சரியில்லை? செவிலியர் கல்வியையும் ஆய்வையும் வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

பாடத்திட்டக் குழுவினருக்கும், செவிலியர் கல்லூரி முதல்வர்களுக்கும், மருத்துவமனை நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம்.

நான் வார்டு வேலைக்கு வந்த இரண்டாம் ஆண்டு அது. வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்த ஒரு பெரியவர். இரண்டாம் நாள் இரவு. நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், உடல் வெப்பம், மூச்சு எல்லாம் அளவோடுதான் இருந்தன. ஆனால் தலையணையைச் சரியாக வைக்கவில்லை என்று மாலையில் மூன்று முறை என்னை அதட்டியவர், பத்து மணிக்குமேல் எதற்கும் என்னைக் கூப்பிடவில்லை. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டியவரை முக்கால் மணிக்கு ஒரு முறை போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் சார்ட்டில் எழுதினேன். கடைசியில் பணியிலிருந்த மருத்துவரை அழைத்தேன். "எந்த எண் சரியில்லை?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். என்னிடம் எண் இல்லை. விடியும் முன் எண்களும் சரியத் தொடங்கின. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடினோம். அவர் பிழைத்துக்கொண்டார். அந்தக் கேள்வி மட்டும் என்னிடமே தங்கிவிட்டது.

அதற்கு ஒரு பதில் 2025இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாரா ரொசெட்டி என்பவர் செவிலியராகவும் தகவலியல் ஆய்வாளராகவும் இருப்பவர். அவருடைய குழு ஒரு கணினி முறையை உருவாக்கியது. நோயாளியின் ரத்த அழுத்தம் எவ்வளவு என்பதைவிட, செவிலியர் அதை எத்தனை முறை பார்த்தார், எந்த நேரத்தில் பார்த்தார், கேட்காமலே குறிப்பு எழுதினாரா என்பதைத்தான் அந்த முறை கவனிக்கிறது. வழக்கத்துக்கு மாறாக ஒரு செவிலியர் ஒரே கட்டிலுக்குத் திரும்பத் திரும்பப் போகிறார் என்றால் அவர் கவலைப்படுகிறார் என்று பொருள். அந்தக் கவலையே தகவல். அமெரிக்காவில் 74 வார்டுப் பிரிவுகளில், 60,000க்கு மேற்பட்ட நோயாளிச் சேர்க்கைகளில் இதைச் சோதித்தார்கள். இந்த முறை இயங்கிய பிரிவுகளில் இறப்பின் அபாயம் 35.6 சதவீதம் குறைவாக இருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு எதிர்பாராமல் மாற்றப்பட்டவர்களின் எண்ணிக்கை கூடியது. முன்கூட்டியே யாரோ கவனித்துவிட்டார்கள் என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

படித்து முடித்ததும் அந்தப் பெரியவரின் சார்ட்தான் நினைவுக்கு வந்தது. முக்கால் மணிக்கு ஒரு வரி. நான் எழுதியது வெறும் பதிவு என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. ரத்தத்தில் தொற்று பரவப்போவதை முன்கூட்டிச் சொல்லும் என்று பல மருத்துவமனைகள் வாங்கி வைத்திருந்த ஒரு மென்பொருளை, 2021இல் வெளியாட்கள் சோதித்துப் பார்த்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரை அது தவறவிட்டிருந்தது. ஆனால் மருத்துவமனையில் சேர்ந்திருந்தவர்களில் 18 சதவீதம் பேருக்கு எச்சரிக்கை மணி அடித்திருந்தது. ஒரு கருவி செவிலியரின் கண்ணிலிருந்து கற்றுக்கொண்டது. இன்னொன்று செவிலியரின் காதில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. புதுமை என்ற பெயரில் எங்கள் வார்டுகளுக்கு எது வந்து சேர வேண்டும் என்பதை முடிவு செய்யும் கூட்டத்தில் வார்டுச் செவிலியர் ஒருவராவது உட்கார்ந்திருக்கிறாரா? கேட்டுப் பாருங்கள்.

நாங்கள் அந்த மேசையில் இல்லாதபோது என்ன நடக்கும் என்பதற்கு மருந்துப் பார்கோடு நல்ல சான்று. கருவி மோசமானதல்ல. நோயாளியின் கைப்பட்டையையும் மருந்தையும் ஸ்கேன் செய்து பார்த்த பின்பே கொடுக்கும் முறையால், நேரம் தவறுவது நீங்கலான மருந்துப் பிழைகள் 41 சதவீதம் குறைந்ததாக 2010இல் ஒரு பெரிய அமெரிக்க மருத்துவமனை ஆய்வு காட்டியது. ஆனால் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே இன்னொரு குழு வேறொன்றைப் பார்த்திருந்தது: செவிலியர்கள் இந்த முறையைச் சுற்றிக்கொண்டு போகும் 15 குறுக்குவழிகள். கைப்பட்டையின் நகலை எடுத்து வேறெங்காவது ஒட்டி வைத்து ஸ்கேன் செய்வது அவற்றில் ஒன்று. சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்தக் குழு அப்படிச் சொல்லவில்லை. 31 காரணங்களை எடுத்து வைத்தது. படிக்க முடியாத பார்கோடு, சார்ஜ் இல்லாத ஸ்கேனர், அறைக்குள் நுழையாத வண்டி, நனைந்து சுருங்கிய கைப்பட்டை. வார்டில் ஒரு வாரம் நின்றவருக்கு இவற்றில் எதுவும் புதிதாக இருக்காது.

சரி, கல்விக்கு வருகிறேன். இந்த மடலை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

செவிலியர் பட்டப்படிப்பில் ஆய்வு ஒரு பாடம். அதற்கு ஆய்வேடு உண்டு. பெரும்பாலானவை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், கையெழுத்துப் போடுபவர்கள் நீங்கள்தானே. ஒரு கற்பித்தல் நிகழ்ச்சிக்கு முன் ஒரு வினாத்தாள், பின் அதே வினாத்தாள், மதிப்பெண் கூடியது என்று ஓர் அட்டவணை. பாடம் நடத்தினால் உடனே மதிப்பெண் கூடும் என்பதை இன்னும் எத்தனை தலைமுறை நிரூபிக்க வேண்டும்? அட்டை கெட்டியாக, எழுத்து தங்க நிறத்தில், நூலக அலமாரியில் வரிசையாக நிற்கின்றன. மாணவி கற்றுக்கொள்வது ஒன்றே: ஆய்வு என்பது முடித்துக் கொடுக்க வேண்டிய ஒரு வேலை.

எங்கள் தொழிலில் ஆய்வு வேறு மாதிரி பிறந்தது. 1956இல் இங்கிலாந்தில், எசெக்ஸ் பகுதியின் ராக்ஃபோர்டு மருத்துவமனையில் சிஸ்டர் ஜீன் வார்ட் குறைமாதக் குழந்தைகள் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல காற்றும் வெளிச்சமும் குழந்தைகளுக்கு வேண்டும் என்று நம்பியவர். வெயில் இதமாக இருக்கும் நாட்களில் அவர்களை வெளியே கொண்டுபோய் வைப்பார். ஒரு நாள் மருத்துவர்கள் சுற்றுக்கு வந்தபோது மஞ்சள் காமாலை கண்ட ஒரு குழந்தையின் துணியை விலக்கிக் காட்டினார். உடல் முழுக்க மஞ்சள் வெளிறியிருந்தது. விரிப்பின் ஓரம் மூடியிருந்த ஒரு முக்கோணத்தில் மட்டும் மஞ்சள் அழுத்தமாக இருந்தது. எதையாவது பூசினீர்களா என்று கேட்டார்கள். வெயிலாக இருக்கும் என்றார் அவர். பிறகு, சன்னல் வெளிச்சத்தில் கிடந்துவிட்ட ஒரு ரத்தக் குப்பியிலும், மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பிலிருபின் குறைந்திருப்பது தெரிந்தது. 1958இல் 'லான்செட்' இதழில் கட்டுரை வந்தது. மஞ்சள் காமாலை காணும் பச்சிளங்குழந்தைகளை இன்று நீல விளக்கின்கீழ் வைக்கிறோமே, அதன் தொடக்கம் இதுதான். கட்டுரையின் ஆசிரியர்களாக மூன்று பேரின் பெயர்கள் உள்ளன. சிஸ்டர் வார்டின் பெயர் அதில் இல்லை.

அந்த முக்கோணத்தைப் பார்க்கும் கண் எங்கள் மாணவிகளிடமும் இருக்கிறது. பார்த்ததைக் கேள்வியாக்கி, கேள்வியை அளந்து பார்க்கும் வழியைத்தான் நாம் கற்றுத் தருவதில்லை. ஆஸ்திரேலியச் செவிலியர் ஆய்வாளர் கிளேர் ரிக்கார்டு அந்த வழியில் நடந்தவர். சிரைவழி மருந்து ஏற்றக் கையில் போட்ட கேனுலா என்ற மெல்லிய குழாயை மூன்று நாளானால் கழற்றி வேறிடத்தில் குத்த வேண்டும் என்பது பல மருத்துவமனைகளில் வழக்கமாக இருந்தது. எதற்கு என்று கேட்டார். 3,283 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு வழக்கப்படி மூன்றாம் நாள் மாற்றினார்கள். மறு பிரிவுக்குத் தேவை ஏற்பட்டால் மட்டும். ஊசி போட்ட இடத்தில் சிரை வீங்கிச் சிவப்பது இரு பிரிவிலும் 7 சதவீதமாகவே இருந்தது. 2012இல் முடிவு வெளியானது. பிறகு ஜெனீவாவில் ஒரு மருத்துவமனை தேவைப்படும்போது மட்டும் மாற்றும் முறைக்கு மாறியபோது ரத்தத் தொற்று கூடியதாக 2021இல் ஒரு கண்காணிப்பு ஆய்வு சொன்னது. எனவே கதை முடிந்துவிடவில்லை. ஊசி இடத்தை ஒவ்வொரு ஷிஃப்டிலும் உண்மையாகவே பார்க்கிற வார்டில் ஒரு விடை, பார்த்ததாக டிக் அடிக்கிற வார்டில் இன்னொரு விடை வரலாம் என்பது என் ஊகம். இதை நூலகத்தில் உட்கார்ந்து தீர்க்க முடியாது. ஒரு மாணவிக்கு ஆய்வேட்டுத் தலைப்பு வேண்டுமென்றால் இதைக் கொடுங்கள்.

பொம்மைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூச்சுவிடும், கண் சிமிட்டும் பொம்மைகளை வைத்துச் சிமுலேஷன் (பாவனைப் பயிற்சி) கூடம் திறப்பது இப்போது கல்லூரிகளுக்குக் கௌரவம். நான் அதற்கு எதிரி அல்ல. அமெரிக்காவில் பத்துச் செவிலியர் கல்வி நிலையங்களில் நடந்து 2014இல் வெளியான ஆய்வு, மருத்துவமனைப் பயிற்சி நேரத்தில் பாதி வரை பாவனைப் பயிற்சியாக மாற்றினாலும் மாணவர்களின் திறனில் குறை வரவில்லை என்றது. ஆனால் அந்த வாக்கியத்துக்கு ஒரு பின்பாதி உண்டு: பயிற்சி பெற்ற ஆசிரியர்கள், போதுமான ஆட்கள், ஒவ்வொரு பயிற்சிக்கும் பிறகு என்ன நடந்தது, ஏன் அப்படிச் செய்தாய் என்று உட்கார்ந்து பேசும் நேரம். முன்பாதியை மட்டும் படித்தவர்கள் பொம்மையை வாங்கினார்கள். பேச ஆளில்லாத கூடத்தில் பொம்மை விலையுயர்ந்த படுக்கை நோயாளி, அவ்வளவுதான்.

ஆள் இல்லை என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கிறது. இதையும் செவிலியர்களே ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். லிண்டா ஐக்கென் என்ற செவிலியரும் அவர் குழுவும் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் 4,22,730 அறுவை நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்து 2014இல் எழுதினார்கள்: ஒரு செவிலியர் பார்க்கும் நோயாளிகளில் ஒருவர் கூடினால், நோயாளிகள் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. பட்டப்படிப்பு முடித்த செவிலியரின் பங்கு 10 சதவீதம் கூடினால் அதே அளவு குறைகிறது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் 2016இல் ஒரு செவிலியருக்கு இத்தனை நோயாளிகள்தான் என்ற விகிதத்தைச் சட்டமாக்கிய பின் நடந்த ஆய்வில், கூடுதல் ஆட்களுக்குச் செலவானதைப்போல் இரு மடங்குக்குமேல் மருத்துவமனைச் செலவு மிச்சமாகியிருந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கைப்படி 2023இல் உலகில் 58 லட்சம் செவிலியர்கள் குறைவாக இருந்தார்கள். இத்தனை தெரிந்த பிறகும் ஆள் சேர்ப்பது செலவாகவும் கருவி வாங்குவது முதலீடாகவும் கணக்கு எழுதப்படுவது எனக்கு விளங்கவே இல்லை.

நான் கேட்பது பெரிதல்ல. டியூட்டி அட்டவணையில் மாதத்துக்குச் சில மணி நேரத்தைக் கேள்விக்கு ஒதுக்குங்கள். விடுப்பாகவும் வேண்டாம், கூடுதல் வேலையாகவும் வேண்டாம். மாணவியின் ஆய்வேடு எந்த வார்டின் கேள்வியிலிருந்து தொடங்கியது என்று முதல் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். முடிவை அதே வார்டின் காலை ஒப்படைப்பு நேரத்தில் வந்து சொல்லச் சொல்லுங்கள். நாங்கள் எதிர்க்கேள்வி கேட்போம். அது அவளுக்கு வாய்மொழித் தேர்வைவிடக் கடினமாக இருக்கும்.

சென்ற மாதம் இரவுப் பணிக்கு வந்த இறுதியாண்டு மாணவி ஒருத்தி, இரண்டு மணிக்கு ரத்த அழுத்தம் பார்க்க ஒருவரை எழுப்பினாள். நாளை வீட்டுக்குப் போகப்போகிறவர். நல்ல தூக்கத்தில் இருந்தவர், முணுமுணுத்துக்கொண்டே கையை நீட்டினார். திரும்பி வந்தவள், "இவரை எதற்கு சிஸ்டர் எழுப்புகிறோம்?" என்று கேட்டாள். "எழுதியிருக்கிறது, பார்க்கிறோம்" என்றேன். சொன்னதும் எனக்கே வெட்கமாக இருந்தது. வீட்டுக்குப் போய்த் தேடினேன். நிலை சீராக உள்ளவர்களை இரவில் எழுப்பாமல் விடுவதைப் பற்றிச் சோதனைகளே நடந்திருக்கின்றன. எங்கள் வார்டு வாசல்வரை அவை வரவில்லை.

அவளுடைய ஆய்வேட்டுத் தலைப்பு வேறொன்று. கல்லூரியில் முன்பே முடிவு செய்துவிட்டார்களாம். மாற்ற முடியுமா என்று கேட்டிருக்கிறாள். உங்களில் யாரோ ஒருவரின் மேசையில் அந்தக் கடிதம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வார்டுச் செவிலியர்