தாம்பே குடும்பத்துக்கு அரசு தரவேண்டிய பதில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் 16ஆம் நாளையொட்டித் தங்கள் நாளிதழ் வெளியிட்ட 1971 போர்ச் சிறப்புப் பக்கத்தில், டாக்காவில் நடந்த பாகிஸ்தான் படையின் சரணடைவு குறித்தும், அதன் பின் இந்தியாவின் பொறுப்பில் வந்த சுமார் 93,000 போர்க்கைதிகள் குறித்தும் விரிவாகப் படித்தேன். வெற்றியை ஆண்டுதோறும் நினைவுகூர்வது முறையே. ஆனால் அதே போரில் மேற்கு முனையில் வீழ்த்தப்பட்டு, இறந்தார்களா சிறைப்பட்டார்களா என்று இன்றுவரை உறுதியாகத் தெரியாமல் போன நம் விமானிகளைப் பற்றி அந்தப் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. அவர்களுள் ஒருவரான ஃபிளைட் லெப்டினன்ட் விஜய் வசந்த் தாம்பேயையும் அவருடைய மனைவி தமயந்தி தாம்பேயையும் பற்றி எழுதச் சிறிது இடம் வேண்டுகிறேன்.

தாம்பே விமானப்படையின் 32ஆம் அணியில் சுகோய்-7 விமானம் ஓட்டியவர். தாழப் பறந்து தரை இலக்குகளைத் தாக்க வேண்டிய விமானம் அது. ஆகவே கீழிருந்து சுடும் பீரங்கிகளுக்கு எளிதில் அகப்படும். போர் மூண்ட முதல் சில நாட்களுக்குள், பாகிஸ்தானின் ஷோர்கோட் விமானத்தளத்தைத் தாக்கச் சென்ற தாம்பே திரும்பவில்லை. அப்போது திருமணமாகி இரண்டு ஆண்டுகள்கூட நிறையவில்லை. அலகாபாத்தில் வளர்ந்த தமயந்தி இறகுப்பந்தில் தேசிய ஒற்றையர் சாம்பியன். 1970ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது பெற்றவர். நம் விளையாட்டுப் பக்கங்கள் பழைய சாம்பியன்களைப் பட்டியலிடும்போது இந்தப் பெயர் ஏனோ அதிகம் கண்ணில் படுவதில்லை.

கணவர் உயிரோடு பிடிபட்டார் என்று அவர் நம்பியது வெறும் ஆசையினால் அன்று. அப்போது கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த பகுதியின் டாக்காவிலிருந்து 1971 டிசம்பர் 5ஆம் தேதியிட்டு வந்த ஆங்கில நாளேடு ஒன்று, இந்திய விமானிகள் ஐவர் உயிருடன் பிடிபட்டதாக எழுதியபோது, அவர்களுள் ஒருவராகத் தாம்பேயின் பெயரையும், எழுத்து சற்றுப் பிறழ்ந்த நிலையில், அச்சிட்டிருந்தது. பகை நாட்டு ஏடே உயிருடன் இருக்கிறார் என்று சொன்ன பிறகு, எந்த மனைவிதான் திதி கொடுக்க ஒப்புவாள்? 1972 ஜூலை 2இல் சிம்லா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள் வாகா எல்லை வழியே நம் போர்க்கைதிகள் தாயகம் திரும்பினர். ராவல்பிண்டி முகாமிலிருந்து தப்பி ஆப்கானிஸ்தான் எல்லையருகே மீண்டும் பிடிபட்ட இந்திய விமானி பாருல்கரும் அவருடைய தோழர்களும் வந்து சேர்ந்தனர். தாம்பே வரவில்லை. தமயந்தி மறுமணம் செய்துகொள்ளாமல், டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் விளையாட்டுத் துறைப் பணியில் இருந்துகொண்டே, அமைச்சகங்களுக்கு மனு எழுதுவதிலும் அதிகாரிகளைச் சந்திப்பதிலும் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார்.

அவர் தனியாக இல்லை. தரைப்படை அதிகாரி மேஜர் அசோக் சூரியின் தந்தைக்கு, போர் முடிந்து மூன்று ஆண்டுகள் கழிந்த பின் மகனின் கையெழுத்தில் பாகிஸ்தானிலிருந்து கடிதம் வந்தது. அதை ஆராய்ந்த அரசு, ‘போரில் இறந்தார்’ என்றிருந்த பதிவைக் ‘காணவில்லை’ என்று மாற்றியது. இவ்வாறு சேர்ந்த பட்டியல்தான் இன்று 54 பேர் என்று குறிப்பிடப்படுகிறது. அவர்களில் கணிசமானோர் விமானப்படையினர். 1983இல் உறவினர்கள் சிலர் முல்தான் சிறைக்கும், 2007 ஜூனில் தமயந்தி உள்ளிட்ட பதினால்வர் பாகிஸ்தானின் பல சிறைகளுக்கும் சென்றும் எவரையும் காணாமல் திரும்பினர். முப்பத்தைந்து ஆண்டு கழித்துச் சென்றவர்களால் கம்பிக்கு அப்பாலிருக்கும் முதிய முகத்தை அடையாளம் காண முடிந்திருக்குமா என்பதே ஐயம். சரியான நேரத்தில் அரசுகள் செய்திருக்க வேண்டிய வேலையை மனைவியரும் உடன்பிறந்தாரும் காலம் கடந்து செய்ய நேர்ந்தது என்பதே இதில் எனக்குப் பொறுக்க முடியாதது.

இரு நாடுகளும் ஏற்றுக்கொண்ட 1949ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கை இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. சண்டை ஓய்ந்ததும் போர்க்கைதிகளைத் தாமதமின்றி விடுவித்துத் தாயகம் அனுப்ப வேண்டும் என்கிறது அதன் 118ஆம் பிரிவு. சிறையில் இறந்தவரானால் இறப்பும் புதைத்த இடமும் பதிவாக வேண்டும் என்கிறது 120ஆம் பிரிவு. பிடிபட்டவர் குறித்த தகவலைத் தகவல் மையம் வழியே எதிர்த்தரப்புக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது 122ஆம் பிரிவு. அதாவது, பிடிபட்ட விமானி இருந்தாலும் இறந்தாலும் அவர் பெயரில் ஏதேனும் ஓர் ஆவணம் இருந்தே ஆக வேண்டும். பாகிஸ்தான் தன்னிடம் எவரும் இல்லை என்று சொல்லி ஒதுங்கிவிட்டது. அந்த மறுப்பின் மீது நாம் பெரிதாக எதுவும் செய்ய இயலாது என்பதை நான் ஒப்புக்கொள்வேன். நம்முடைய சொந்த அரசு இக்குடும்பங்களுக்குச் சொன்னவற்றைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

1979இல் வெளியுறவுத் துறை இணை அமைச்சர் சமரேந்திர குண்டு, பாகிஸ்தானில் இருப்பதாகக் கருதப்பட்ட 40 பேரின் பெயர்ப் பட்டியலை மக்களவையில் வைத்தார். பன்னாட்டு நீதிமன்றத்தை அணுகுமாறு 2011இல் குஜராத் உயர் நீதிமன்றம் இட்ட ஆணை உச்ச நீதிமன்றத்தில் தடைபட்டது. 2015இல் அதே உச்ச நீதிமன்றத்தில், இவர்கள் உயிருடன் இருக்கிறார்களா என்று கேட்டபோது, இறந்துவிட்டதாகவே கருதுகிறோம் என்று மத்திய அரசின் வழக்கறிஞர் சொன்னார். அதற்கு நான்கே ஆண்டுகள் கழித்து, 2019இல், இந்த 54 பேர் உட்பட 83 படைவீரர்கள் பாகிஸ்தானின் பிடியில் இருப்பதாக நம்பப்படுகிறது என்று நாடாளுமன்றத்தில் விடை தரப்பட்டது. நீதிமன்றத்தில் இறந்தவர், நாடாளுமன்றத்தில் கைதி! தாம்பேயின் மனைவி இவற்றுள் எதை நம்புவது?

போர்க்கால உளவுக் குறிப்புகளை வெளியிட்டால் நாட்டின் பாதுகாப்புக்கு ஊறு நேரும் என்று சிலர் சொல்லக்கூடும். அரை நூற்றாண்டு கடந்த ஒரு தாக்குதலில், தளத்துக்கு மேல் என்ன நடந்தது, உடன் பறந்தவர்கள் திரும்பியதும் என்ன அறிக்கை தந்தார்கள், விமானியின் இருக்கை வெளியே வீசப்பட்டதை எவரேனும் கண்டார்களா என்பவற்றில் இனி எந்த இரகசியம் எஞ்சியிருக்கும் என்று எனக்கு விளங்கவில்லை. அப்படியே சில பகுதிகளை மறைக்க வேண்டுமானாலும், பொதுவெளியில் வைக்காமல் குடும்பத்தாரை மட்டும் அழைத்துக் கோப்பைக் காட்டலாம். அந்நாளைய பெற்றோர்களில் பெரும்பாலோர் மறைந்துவிட்டனர். மனைவியரும் முதுமையில் இருக்கின்றனர். அடுத்த குழு, அடுத்த ஆய்வு என்று தள்ளிப்போட இனிக் காலம் இல்லை.

ஆகவே தமிழ்நாட்டின் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குத் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். 2015இல் உச்ச நீதிமன்றத்தில் சொன்னதற்கும் 2019இல் அவையில் சொன்னதற்கும் எந்தெந்த ஆவணங்கள் ஆதாரம் என்று பாதுகாப்பு அமைச்சகத்தையும் வெளியுறவு அமைச்சகத்தையும் எழுத்துவழி வினாவாகக் கேளுங்கள். 54 குடும்பங்களில் எத்தனைக்குத் தத்தம் கோப்பு காட்டப்பட்டது என்பதையும் அதே வினாவில் சேருங்கள். விடை வந்ததும், அது எதுவாயினும், தங்கள் நாளிதழ் அதை 54 பெயர்களோடும் வெளியிட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி.