மார்பில் போட்ட மைக்குறியை அழிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் அம்மா சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் மரம் சீவியவர். இடது மார்பில் புற்றுநோய், ஆபரேஷன் முடிந்து கதிர் சிகிச்சைக்குப் போனோம். 15 தடவை, மொத்தம் 40 கிரே (உடம்பு வாங்கும் கதிரை அளக்கும் அலகு).

சிகிச்சைக்குத் திட்டம் போட ஸ்கேன் எடுத்த அன்று மார்பில் ஊதா மையால் கூட்டல் குறி போட்டு அனுப்பினார்கள். அது எதற்கு என்று யாரும் தமிழில் சொல்லவில்லை. அம்மா நார் போட்டுத் தேய்த்துக் குளித்ததில் ஒரு குறி பாதி போய்விட்டது, பதறிப்போன அண்ணி பேனாவை எடுத்து குத்துமதிப்பாகத் திரும்ப வரைந்துவிட்டார், ஒரு விரல் அகலம் தள்ளி! நல்லவேளை, சிகிச்சைக்கு முன் எடுத்த படத்தில் பிடிபட்டது.

சுவரிலிருந்து வரும் லேசர் கோடு அந்தக் குறிமேல் விழுகிறதா என்று பார்த்துத்தான் ஆளைச் சரியாகப் படுக்க வைக்கிறார்கள். கதிர் இரண்டு பக்கமிருந்தும் சாய்வாக நெஞ்சை உரசிக்கொண்டு போகிறது. உடம்பு ஒரு பக்கம் நகர்ந்தால் நுரையீரலும், இடது மார்பு என்றால் இதயமும் கூடுதலாக வாங்கும். மறுபக்கம் நகர்ந்தால் மார்பின் ஓரத்துக்குச் சேரவேண்டியது குறையும். டென்மார்க், சுவீடன் பெண்களை வைத்து 2013இல் வந்த ஆய்வில், இதயத்துக்குச் சராசரியாக ஒரு கிரே கூடினால், இருக்கிற மாரடைப்பு அபாயம் 7.4 விழுக்காடு ஏறுகிறது என்று கண்டார்கள்.

பயமுறுத்த எழுதவில்லை. கொஞ்சம் அசையும் என்று தெரிந்தே சில மில்லிமீட்டர் இடம் விட்டுத்தான் திட்டம் போடுகிறார்கள், ஒரு நாள் பிசகு 15இல் ஒரு பங்குதான். அதே பிசகு தினமும் வந்தால்தான் சிக்கல்.

அம்மாவுக்கு அதுதான் நடக்க இருந்தது. அக்குளில் ஆபரேஷன் செய்ததால் தோள் இறுகிப்போய், கையைத் தலைக்கு மேல் வைக்க முடியவில்லை. ஸ்கேன் அன்று பல்லைக் கடித்துத் தூக்கிவிட்டார். அப்புறம் ஒவ்வொரு நாளும் வலி தாங்காமல் முழங்கை மெல்ல இறங்கும், கை இறங்கினால் மார்பும் தோலும் கூடவே நகரும். நான்காம் நாள்தான் என்னிடம் சொன்னார். "ஏம்மா, மிஸிகிட்ட (நர்ஸிடம்) சொல்லலாமே?" என்றால், "அவங்க வேலைய கெடுக்கக் கூடாதுல்ல" என்கிறார். சாக்கிட் (மலாயில் வலிக்கிறது) என்று ஒரு வார்த்தை போதுமே!

அக்கா தங்கைகளே, ஆபரேஷனுக்குப் பிறகு சொல்லித்தரும் கைப் பயிற்சியை ஸ்கேனுக்கு முன்பே விடாமல் செய்யுங்கள். வலித்தால் அங்கேயே, அன்றைக்கே சொல்லுங்கள். குறி அழிந்தால் வீட்டில் வரையாதீர்கள், அழிந்ததைச் சொன்னாலே போதும், அவர்கள் போட்டுக்கொள்வார்கள்.

மருத்துவமனைகள் இதைத் தமிழில் ஒரு தாளில் அச்சடித்துக் கொடுக்கக் கூடாதா? அதுவரை உங்கள் ஞாயிறு பதிப்பிலாவது ஒரு மூலையில் போடுங்கள் ஐயா. தோட்டத்தில் இன்னும் பேப்பரை வாங்கிப் பக்கத்து வீட்டுக்கும் படித்துக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்