திருப்பி அனுப்பியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

இந்தியக் கணிதக் கழகத்துக்காக நூறாண்டுக்கு மேலாகக் கைம்மாறு கருதாமல் உழைத்தவர்களுக்கும், இன்றும் உழைத்துக்கொண்டிருப்பவர்களுக்கும் வணக்கம்.

கழகத்தின் பெருமை பேச வருகிறவர்கள் பெரும்பாலும் இராமானுஜனில் தொடங்கி இராமானுஜனிலேயே முடித்துவிடுகிறார்கள். அவரைப் பற்றி நாங்களும் பேசத்தான் போகிறோம். ஆனால் எங்கள் நன்றி முதலில் சேரவேண்டியது சந்தாக் கணக்கு எழுதியவர்களுக்கும், புத்தகக் கட்டை அஞ்சலில் சேர்த்தவர்களுக்கும், அரைகுறையான கையெழுத்துப்படியைத் தயங்காமல் திருப்பி அனுப்பியவர்களுக்கும்தான்.

1907-இல் 'அனலிட்டிக் கிளப்' என்ற பெயரில் கழகத்தைத் தொடங்கிய வி. இராமசுவாமி ஐயர் பேராசிரியர் அல்லர், டெபுட்டி கலெக்டர். வெளிநாட்டுக் கணித நூல்களையும் இதழ்களையும் தனியாள் வாங்கிக் கட்டுப்படியாகாது. ஆளுக்கு ஆண்டுக்கு 25 ரூபாய் போட்டு வாங்கி, புனே பெர்குசன் கல்லூரியில் வைத்து, உறுப்பினர்களுக்கு அஞ்சலில் சுற்றுக்கு விட்டார்கள். 25 ரூபாய் என்றால் சும்மா இல்லை: 1912-இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் இராமானுஜன் வாங்கிய மாதச் சம்பளமே 30 ரூபாய்தான். நூலகப் பொறுப்பை ஏற்றவர் கேம்பிரிட்ஜில் சீனியர் ராங்லராக, அதாவது கணிதத் தேர்வில் முதல்வராக, தேறிய ஆர். பி. பராஞ்சபே. அவ்வளவு படித்தவர் புத்தகக் கட்டுகளுக்குக் காவல் இருந்தார் என்பது எங்களுக்கு இன்றும் வியப்புதான்.

1909-இல் கழகத்தின் இதழ் வந்தது. பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியின் எம். டி. நாரணையங்கார் பதிப்பாசிரியர். பெர்னூலி எண்கள் என்ற எண் வரிசையைப் பற்றி இராமானுஜன் எழுதிய முதல் கட்டுரை 1911-இல் அச்சேறுவதற்குள் பலமுறை அவர் கைக்கும் ஆசிரியர் கைக்குமாகப் போய்வந்தது. முடிவுகள் பெரும்பாலும் சரி, ஆனால் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே வாசகன் தொலைந்துபோவான். துறைமுக அலுவலகத்தில் அவருக்கு மேலதிகாரியாக இருந்த எஸ். நாராயண ஐயரும் அதையேதான் கேட்டார்: இரண்டு படிகளுக்கு நடுவே இன்னும் பத்துப் படியாவது எழுது. அப்படிக் கேட்க ஆள் இல்லாமல் போயிருந்தால் இராமானுஜனின் நோட்டுப்புத்தகங்களை வெளியே யார் படித்திருப்பார்கள்?

அதே 1911-இல் இதழின் கேள்விப் பகுதியில் இராமானுஜன் கேட்ட 289-ஆம் கேள்வி: √(1+2√(1+3√(1+…))) எவ்வளவு? மாதக்கணக்கில் யாரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் அவரே அனுப்பினார். விடை 3. வழி எளிது: 3 = √(1+2×4), 4 = √(1+3×5), 5 = √(1+4×6) என்று விரித்துக்கொண்டே போகலாம். சிக்கல் அதற்கப்புறம்தான். இதே முறையில் 4-ஐயும் விரிக்கலாமே! 4 = √(1+2×7.5), 7.5 = √(1+3×18.41…) என்று அதுவும் முடிவில்லாமல் போகும். அப்படியானால் விடை 3-ஆ, 4-ஆ? வேர்களை ஒவ்வொரு மட்டத்திலும் வெட்டி, √1, √(1+2), √(1+2√(1+3)) என்று கணக்குப் போட்டால் 1, 1.73, 2.24, 2.56, 2.76 என்று ஏறுகிறது. இது 3-ஐத் தாண்டாது, 3-க்கு முன்பே எங்கும் நின்றுவிடாது என்று இரண்டையும் நிறுவினால்தான் விடை விடையாகும். அன்று அச்சான தீர்வில் அந்தப் பகுதி இல்லை. 1927-இல் இராமானுஜனின் ஆய்வுத் தொகுப்பு வந்தபோது அந்த ஓட்டையை அடைத்துக் கொடுத்தவர் டி. விஜயராகவன். அவருக்குத் தனி நன்றி. வகுப்பில் இந்தக் கேள்வியைப் போடும் ஆசிரியர்கள் அவர் பெயரையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

எஸ். எஸ். பிள்ளையை மறக்க முடியாது. ஓர் எண்ணைக் குறிப்பிட்ட படி எண்களின் கூட்டலாக எழுத அதிகபட்சம் எத்தனை தேவை என்று கேட்கும் வாரிங் கணக்கைப் பற்றிய அவருடைய நீண்ட கட்டுரை 1936-இல் இந்த இதழில்தான் வந்தது. அப்போது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருந்தார். எந்த மிகை முழு எண்ணையும் அதிகபட்சம் 73 ஆறாம்படிகளைக் கூட்டி எழுதிவிடலாம் என்று 1940-இல் நிறுவினார். 73-க்குக் குறைத்தால் என்ன ஆகும் என்று 703-ஐ எடுத்துப் பாருங்கள். 3-இன் ஆறாம்படி 729. அது உள்ளே நுழையாது. இருப்பது 2-இன் ஆறாம்படியான 64-உம் 1-உம் மட்டுமே. 64-ஐப் பத்து முறை வைத்தால் 640, மீதி 63-க்கு 63 ஒன்றுகள். ஆக 73. ஒன்றைக்கூடக் குறைக்க வழியில்லை. ஆனால் மற்ற எல்லா எண்களுக்கும் 73 போதும் என்று காட்டுவதுதான் மலை ஏறும் வேலை.

1933-இல் மாணவர்களுக்கென்று தனி இதழ் தொடங்கி நடத்திய ஏ. நரசிங்க ராவுக்கும், 1927 முதல் ஆய்விதழைக் கட்டிக்காத்த ஆர். வைத்தியநாதசுவாமிக்கும் எங்கள் வணக்கம். ஈய எழுத்துக் காலத்தில் வேருக்குள் வேரும் பின்னத்துக்குள் பின்னமுமாக அச்சுக் கோத்த தொழிலாளர்களின் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை. எழுத்துக்குக் கீழே இடும் சிறு குறி ஒன்று நகர்ந்தால் தேற்றமே பொய்யாகிவிடும் வேலை அது.

இதழுக்கு வரும் கட்டுரைகளைச் சரிபார்க்கும் இன்றைய மதிப்பீட்டாளர்களே, உங்கள் பெயரும் வெளியே தெரியாது. கட்டுரையில் 'தெளிவாகத் தெரிகிறது' என்று எழுதியிருக்கும் இடத்தில் நின்று, தெரியவில்லை என்று எழுதி அனுப்புகிறீர்களே, அதற்கு நன்றி. தாமதமாகிறது என்று கட்டுரையாசிரியர் சலித்துக்கொள்வார், பொருட்படுத்தாதீர்கள்.

நன்றியுடன்,
கணிதம் கற்பிக்கும் சிலர்