மாமா, இந்த தடவையும் கோச்சு தானா?

மாமா,

நீங்க அனுப்புன வாய்ஸ் மெசேஜ கேட்டேன். நாலு நிமிஷம் சில்லறை. ஹலசூரு ஸ்டேஷன்ல ஏறி வைட்ஃபீல்டு இறங்குறதுக்குள்ள ரெண்டு தடவை கேட்டாச்சு, பக்கத்துல நின்ன ஆளு என் இயர்ஃபோன்ல இருந்து கசிஞ்ச உங்க சத்தத்துக்கு திரும்பி பாத்தார்னா பாத்துக்கோங்க. 2025 நவம்பர்ல நம்ம இந்தியா ஃபுட்பால் டீம் டாக்கால பங்களாதேஷ் கிட்ட 1-0 தோத்துட்டு வந்துச்சு, 22 வருஷமா நம்மள ஜெயிக்காத டீம், கோவம் வராம என்ன பண்ணும், எனக்கும் சோறு இறங்கல. ஆனா கடைசில ஒண்ணு சொன்னீங்க பாருங்க, "இந்த கோச்சு காலித் ஜமீல தூக்குனா தான்டா டீம் உருப்படும்"னு. மாமா, இதே டயலாக்க 2024 ஜூன்ல அப்போ கோச்சா இருந்த ஸ்டிமாக்குக்கு சொன்னீங்க, 2025 ஜூன்ல அடுத்து வந்த மனோலோவுக்கு சொன்னீங்க, ரெண்டுமே என் போன்ல இருக்கு, பேர மட்டும் மாத்தி எடிட் பண்ணா மூணும் ஒரே மெசேஜ் தான்.

நேர்ல பேசுனா நடுவுல புகுந்து என்ன பேசவே விடமாட்டீங்க, அதான் எழுதுறேன். பொறுமையா படிங்க, கண்ணாடி போட்டுக்கிட்டு.

2023 ஜூலை 4 ஞாபகம் இருக்குல்ல? கண்டீரவா ஸ்டேடியத்துல சாஃப் ஃபைனல், அதான் தெற்காசியக் கப்பு, குவைத்தோட. குவைத்துக்காரன் முதல்ல போட்டான், நம்ம சாங்டே திருப்பி போட்டான், 1-1, எக்ஸ்ட்ரா டைமும் போயி பெனால்டி, அதுவும் அஞ்சுல முடியாம சடன் டெத்துக்கு போச்சு, நம்ம பிளேயர் மகேஷ் போட்டதுக்கப்புறம் குவைத் கேப்டன் அடிச்சத நம்ம கீப்பர் குர்பிரீத் பாஞ்சு தட்டி விட்டான். நீங்க என் தோள புடிச்சு குலுக்குன குலுக்குல என் கண்ணாடி ரெண்டு வரிசை கீழ போயி விழுந்துச்சு, ஒரு மலையாளி பையன் எடுத்து குடுத்தான். அப்புறம் கப்பன் பார்க் ஓரமா நடந்து வரும்போது சொன்னீங்க, "ஸ்டிமாக் மாதிரி ஒருத்தன் பத்து வருஷம் இருந்தா போதும்டா"ன்னு.

மாமா, அன்னிக்கு ஸ்டிமாக் டக்அவுட்லயே இல்ல, அதான் கிரவுண்டு ஓரத்து கோச்சு பெஞ்சுல! பாகிஸ்தான் மேட்ச்ல அவங்க ஆளு த்ரோ போட வரும்போது கையில இருந்த பால இவரு போயி புடுங்கி சிவப்பு கார்டு வாங்குனாரே, மழைல நாம நனைஞ்சுக்கிட்டு சிரிச்சோமே, நம்ம கேப்டன் சேத்ரி மூணு கோல் போட்ட அன்னிக்கு. அதுக்கப்புறம் குவைத்தோட லீக் மேட்ச்லயும் இன்னொரு சிவப்பு. அதனால செமிஃபைனலுக்கும் ஃபைனலுக்கும் தடை. கோட்டு ஓரம் நின்னு டீம நடத்துனது அசிஸ்டன்ட் மகேஷ் கவ்லி. லெபனானையும் குவைத்தையும் பெனால்டில ஜெயிச்சப்போ ஸ்டிமாக் நம்மள மாதிரியே மேல உக்காந்து தான் பாத்தார். தயார் பண்ணது அவரு தான், இல்லன்னு சொல்லல. ஆனா கோச்சு கீழ நின்னா டீம் ஜெயிக்கும், தப்பான கோச்சு நின்னா தோக்கும்ங்கிற உங்க கணக்குல அந்த ராத்திரிய எங்க வைப்பீங்க?

அந்த மாசம் ஃபிஃபா ரேங்க் 99. அதே கோச்சு, கிட்டத்தட்ட அதே பசங்க, ஆறு மாசம் கழிச்சு கத்தார்ல ஆசியக் கோப்பை: ஆஸ்திரேலியா கிட்ட 2-0, உஸ்பெகிஸ்தான் கிட்ட 3-0, சிரியா கிட்ட 1-0. மூணு மேட்ச்ல நம்ம கோல் பூஜ்யம். ஆறு மாசத்துல ஒரு மனுஷனுக்கு புத்தி கெட்டுப் போச்சா? நடுவுல ஹாங்சோ ஏசியன் கேம்ஸ் வேற. கிளப்புங்க பசங்கள விடவே இல்ல, விட்டா விடறேன் விடலன்னா போன்னு இழுத்து இழுத்து, கடைசில கெடைச்சவங்கள கூட்டிக்கிட்டு மேட்சுக்கு முந்தின நாள் சாயந்திரம் போயி இறங்குனாங்க, அடுத்த நாள் சைனா 5-1. நம்ம தெரு டீமு ஓசூருக்கு மேட்ச் ஆட போனா கூட காலைலயே போயி கிரவுண்ட சுத்திப் பாத்துட்டு தானே ஆடும்.

சரி, ஸ்டிமாக்க நான் காப்பாத்த வரல. அந்தாளு வாய கொஞ்சம் மூடியிருக்கலாம். பிளேயர் லிஸ்ட ஜோசியருக்கு அனுப்புனாருன்னு பேப்பர்ல வந்தப்போ நானும் தலைல அடிச்சுக்கிட்டேன், அத்தை மட்டும் தான் "அதுல என்ன தப்பு"ன்னாங்க. குவாஹாத்தில ஆஃப்கானிஸ்தான் கிட்ட 1-0 முன்னாடி இருந்துட்டு 2-1 தோத்தோமே, சேத்ரியோட 150வது மேட்சு, அதுக்கு கோச்சு பதில் சொல்லியே ஆகணும், அது தான் உலகக் கோப்பை குவாலிஃபயர்ல நம்ம கழுத்த அறுத்தது, கடைசில கத்தார் கோட்டுக்கு வெளிய போன பால உள்ள இழுத்து போட்டான்னு நாம அழுதது எல்லாம் அதுக்கப்புறம் தான். மனோலோ விஷயத்துல இன்னும் மோசம். எஃப்சி கோவா கிளப்புக்கும் கோச்சு, இந்தியாவுக்கும் கோச்சு, ரெண்டு வேல. எட்டு மேட்ச்ல ஒரே ஒரு வெற்றி, அதுவும் மாலத்தீவு. ஆனா அவரு ரெண்டு படகுல கால் வெச்சாருன்னு திட்டுறதுக்கு முன்னாடி, வைக்க சொன்னது யாரு? பார்ட் டைம்ல ஆளெடுத்தது யாரு? அந்த ஆபீஸ் சேர்ல உக்காந்திருக்கவங்க பேர உங்க நாலு நிமிஷத்துல ஒரு தடவ கூட நான் கேக்கல மாமா.

இப்ப கோல் விஷயத்துக்கு வரேன், எனக்கு இது தான் முக்கியம்.

நம்ம பிரச்சனை கோல் வாங்குறது இல்ல, போடறது. க்ரொயேஷியாக்காரர் வந்தாலும் போட ஆள் இல்ல, ஸ்பெயின்காரர் வந்தாலும் இல்ல, நம்ம ஊர்க்காரர் ஜமீல் வந்தாலும் இல்ல. 2024 ஜூன்ல கொல்கத்தால குவைத்தோட 0-0 ஆடி சேத்ரி ரிட்டயர் ஆனார், 94 கோல். ஒன்பது மாசம் கழிச்சு 40 வயசுல அவர திரும்ப கூப்புட்டாங்க, வந்து மாலத்தீவுக்கு எதிரா தலைல முட்டி 95வது போட்டார். நாமெல்லாம் விசில் அடிச்சோம். ஆனா யோசிச்சுப் பாத்தா அது கேவலம் தானே? அந்த சீசன் ஐஎஸ்எல்ல, அதான் நம்ம நாட்டு கிளப் லீக்ல, இந்தியர்கள்லயே அதிக கோல் அவரு தான், 14. நாப்பது வயசுக்காரர்! 145 கோடி பேர்ல அவருக்கு அடுத்து நிக்க ஒரு பையன் இல்லன்னா அத எந்த கோச்சு ரெண்டு வார கேம்ப்புல செஞ்சு குடுப்பாரு?

ஏன் இல்லன்னு பாருங்க. ஐஎஸ்எல்ல கிரவுண்டுல நாலு ஃபாரின் பிளேயர் ஆடலாம். எந்த கிளப்பா இருந்தாலும் முதல்ல எங்க வைக்கும்? சென்டர் ஃபார்வர்டு, கோல் போடற இடம். 2014ல லீக் ஆரம்பிச்சதுல இருந்து 2025 வரைக்கும் அதிக கோலுக்கான கோல்டன் பூட்ட ஒரு தடவ கூட இந்தியன் வாங்கல, எல்லாம் வெளிநாட்டுக்காரன். ஏன் கிளப் கோச்சு நம்ம பையன அங்க ஆட விடமாட்டான்னு கேட்டா, அஞ்சு மேட்ச் தோத்தா அவன தூக்கிடுவாங்க மாமா! பையன வளத்து விட அவனுக்கு ஏது டைம். நம்ம பெங்களூரு கிளப் பிஎஃப்சியவே எடுங்க, கோச்சு குவாட்ராட் 2019ல கப்பு வாங்கி குடுத்தார், 2021 ஜனவரில வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. பின்னாடி வந்த கோச்சு கிரேசன் 2023ல ஃபைனல் வரைக்கும் கூட்டிட்டுப் போனார், அதே வருஷம் டிசம்பர்ல போயாச்சு. ரெண்டு தடவையும் நீங்களும் நானும் "சரியா பண்ணாங்க"ன்னு தான் சொன்னோம். பொழைப்பு போயிடும்னு பயப்படறவன் மிக்கு மாதிரி ரெடிமேட் ஃபாரின் ஆள தான் முன்னாடி நிறுத்துவான், சேத்ரியவே அப்போ இடது விங்குக்கு தள்ளி தானே ஆட வெச்சாங்க. சேத்ரி அங்கிருந்தும் கோல் போட்டார், அவரு கத வேற. மத்த பசங்க விங்குக்கு போனா விங்கோட சரி.

கண்ணு முன்னாடியே ஒண்ணு இருக்கு. உங்க தெருவுல பேலே சிலைக்கு ரெண்டு வீடு தள்ளி, இட்லி கடை அக்கா பையன். பன்னெண்டு வயசுல அவன் முதுக கோல் பக்கம் வெச்சு பால வாங்கி திரும்புவான் பாருங்க, நீங்களே சொல்லியிருக்கீங்க "இவன் ஒரிஜினல் நம்பர் நைன்"னு, கோல் போடவே பொறந்த ஸ்ட்ரைக்கர்னு. ஒரு அகாடமில எடுத்தாங்க. போன மாசம் பாத்தேன், டிஃபென்ஸ்ல ரைட் பேக் ஆடுறான். ஏன்டான்னா, "அண்ணா, மேல போகணும்னா ஃபுல் பேக் தான் சேஃப், ஸ்ட்ரைக்கர்னா எங்கயும் எடுக்க மாட்டாங்க, சாரே சொல்லிட்டாரு"ங்கிறான். 17 வயசு. அவன் கணக்கு சரி தான், அது தான் வயிறு எரியுது. தோத்தா தூக்குன்னு நாம கத்துறோம், அந்த கத்தலுக்கு பயந்து கிளப்பு ஃபாரினரா வாங்குது, அதுக்கு பயந்து அகாடமி சாரு பையன பேக்குக்கு தள்ளுறாரு, கடைசில இந்தியா கோச்சு கைக்கு வரும்போது ஸ்ட்ரைக்கர் டப்பா காலி. உடனே அவர தூக்குன்னு மறுபடி நாம.

நீங்க அந்த காலத்து இந்தியா கோச்சு ரஹீம் சாப் கதைய எடுப்பீங்கன்னு தெரியும். 1962 ஜகார்த்தா ஏசியன் கேம்ஸ் ஃபைனல், தென் கொரியா, தலைல கட்டோட இருந்த டிஃபெண்டர் ஜர்னைல் சிங்க முன்னாடி ஆட விட்டு அவரே ஒரு கோல் போட்டு 2-1, தங்கம். ஒத்துக்கறேன், அது கோச்சு தான், வேற யாருக்கும் அந்த தைரியம் வந்திருக்காது. ஆனா அவரு பெஞ்சுலயும் கிரவுண்டுலயும் யாரு யாரு இருந்தாங்கன்னு நீங்க தானே எனக்கு சொல்லி குடுத்தீங்க, பிகே, சுனி, பலராம், கோல்ல தங்கராஜ், நம்ம பெங்களூரு அருமைநாயகம். 1948 லண்டன் ஒலிம்பிக்ல ஃப்ரான்ஸுக்கு எதிரா இந்தியாவோட ஒரே கோல போட்டது சாரங்கபாணி ராமன், அவரும் இந்த ஊரு தான். அப்போ இந்த ஊருல இருந்து மட்டும் எத்தன பேர் போனாங்க. ரஹீம் கையில அரிசி பருப்பு எல்லாம் இருந்துச்சு, அதோட சமைக்கவும் தெரிஞ்சுது.

ஜமீலுக்கு என்ன இருந்துச்சு? லீகே இல்ல மாமா. ஐஎஸ்எல் உரிமை ஒப்பந்தம் 2025 டிசம்பரோட முடியற நேரம், புது டெண்டர் விட்டாங்க, ஒருத்தன் கூட கேக்கல, சீசன் எப்போ ஆரம்பிக்கும்னு யாருக்கும் தெரியாம பசங்க ஜிம்ல உக்காந்திருந்தாங்க. மேட்ச் ஆடாத காலு 70 நிமிஷத்துக்கு மேல எப்படி ஓடும்? சிங்கப்பூர்ல ஜிங்கன் சிவப்பு கார்டு வாங்கி பத்து பேரா நின்னு 90வது நிமிஷத்துல நம்ம பிளேயர் ரஹீம் அலி போட்டு 1-1 எடுத்தானுங்க, அன்னிக்கு ஜமீல் கெட்டிக்காரன்னீங்க. அஞ்சு நாள் கழிச்சு கோவா ஃபத்தோர்தால அதே சிங்கப்பூரோட, சாங்டே போட்டு முன்னாடி இருந்துட்டு 2-1 தோத்து 2027 ஆசியக் கோப்பையே போச்சு, அன்னிக்கு முட்டாள். அந்த செகண்ட் ஹாஃப்ல அவரு ரொம்ப லேட்டா ஆள மாத்துனாரு, அது அவரு தப்பு, எழுதி வெச்சுக்கோங்க, நானும் கையெழுத்து போடறேன். அதுக்கு மேல அவரு தலைல ஏத்தாதீங்க.

இன்னொரு விஷயம். இத நான் யாருக்கும் சொன்னதில்ல, எழுதலாமா வேணாமான்னு மத்தியானத்துல இருந்து யோசிக்கிறேன்.

2001, ஆஸ்டின் டவுன் கிரவுண்டு, நம்ம டீம் ஃபைனல். நீங்க கோச்சு. ரெண்டு பேரு நைட் ஷிப்ட் முடிச்சுட்டு நேரா வந்து ஆடுனாங்க, ஒருத்தன் கடன் வாங்குன பூட்ல பேப்பர் திணிச்சு கட்டியிருந்தான், தண்ணி கேன நீங்க சைக்கிள் கேரியர்ல கட்டிக்கிட்டு வந்தீங்க. நான் ரைட் பேக், 16 வயசு. கடைசி அஞ்சு நிமிஷம், எல்லாரும் மேல ஏறிட்டாங்க, நான் மட்டும் அவங்க விங்கர பாத்துக்கிட்டு அங்கயே நின்னுட்டேன், நானும் மேல ஏறியிருந்தா ஆஃப்சைடு ஆகியிருக்க வேண்டியவன், நேரா போயி போட்டான். மேட்ச் முடிஞ்சதும் கமிட்டிக்காரங்க உங்கள சுத்தி நின்னு, டிஃபென்ஸ மேல கூப்புட கூட தெரியாத கோச்சுன்னு எல்லார் முன்னாடியும் பேசுனாங்க. அடுத்த வாரம் வேற ஆள போட்டுட்டாங்க. நீங்க அதுக்கப்புறம் எந்த டீமுக்கும் நிக்கல. என்கிட்ட கேட்டாங்க, மாமா கூப்புட்டாரான்னு. கேக்கலன்னு சொன்னேன்.

கேட்டுச்சு மாமா. "மேல வாடா"ன்னு ரெண்டு தடவ கத்துனீங்க, ரெண்டும் கேட்டுச்சு.